ஏழாவது பாட்டைக் கேட்டவர்கள்

ஜூன் 3, திங்கள்

ஆல்பம் வெளிவந்துவிட்டது. காலை பத்து மணிக்கு இணையத்தில் ஏறியது. பத்தரைக்குப் பார்த்தேன், நான்கு முறை கேட்டிருந்தார்கள். அதில் மூன்று முறை கேட்டது நான்.

பெயர் 'வழுக்குப்பாறை'. சத்தியமங்கலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சென்னியப்பனாகிய நான், மோதிர விரலில் ஒரு ஸ்பானர் குழாயை மாட்டிக்கொண்டு, கிடார் தந்திகள்மேல் வழுக்கி வழுக்கி வாசித்த ஒன்பது பாட்டுகள். பாட்டு என்று சொல்கிறேனே தவிர யாரும் பாடவில்லை, கிடார்தான் பாடும். கூட பேஸ் வாசித்து ஒலிப்பதிவும் செய்தவன் ஜெரால்டு, கோபியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற நண்பன். ஒன்றில் பம்பை உண்டு, ஒன்று தெம்மாங்கு, ஒன்று ரெக்கே, இரண்டு நல்ல முரட்டு ராக், ஒன்று கிட்டத்தட்ட பஜனை. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தேன், ஏழாவதைத் தவிர. அதற்கு என்ன பெயர் என்று ஜெரால்டு கேட்டான். ஏழு என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மற்ற எட்டும் ஊருக்கு. ஏழாவது ஒரே ஒருத்தருக்கு. அந்த ஒருத்தர் கேட்டுவிட்டு, இது என்னைப் பற்றியது என்று தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். நானாக வாயைத் திறக்கப் போவதில்லை.

மனைவி சாந்தாமணி தபால் அலுவலகத்தில் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிவிட்டது. இட்லி மாவு தீர்ந்துவிட்டது என்றாள். ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மாவு ஆட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

வந்த அபிப்பிராயங்களை மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன்.

பெங்களூரில் படிக்கும் மகள்: "அப்பா, செம வைப்." எந்தப் பாட்டு என்று கேட்டேன். எல்லாமே என்றாள். இருபது நொடிக்கு மேல் கேட்டிருக்க மாட்டாள், எனக்குத் தெரியாதா.

மைத்துனன் தங்கமுத்து: "பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான். பாடறவரு எப்ப வருவாரு?" ஒன்பது பாட்டும் அந்த எதிர்பார்ப்பிலேயே கேட்டு முடித்திருக்கிறான்.

கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்: "இந்தச் சத்தத்துல எனக்கு மூணாவது வரி தெரியலீங்க." சத்தத்தை நிறுத்தினேன். அப்போதும் தெரியவில்லை. ஆனாலும் கிடார்மேல்தான் பழி.

இன்று காலை சாந்தாமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது தற்செயலாக ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். நான்காவது பாட்டுக்கு அவள் கரண்டி தாளம் போட்டது, சத்தியம். ஆறாவது முடிகிற நேரத்தில் சட்னிக்காக மிக்ஸியைப் போட்டாள். ஏழாவது ஆரம்பித்தது, மிக்ஸி நின்றது, கேஸ் தீர்ந்தது. நான் சிலிண்டர் மாற்றப் போய்விட்டு வந்து பார்த்தால் எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏழாவதை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டு என்கிறான் ஜெரால்டு. ஆல்பம் என்றால் ஒரு வரிசை இருக்கிறது. இலையில் முதலிலேயே மோரை ஊற்றுவார்களா?

ஜூன் 12, புதன்

ஓர் இணைய இதழில் விமர்சனம் வந்திருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை, பெயருக்குப் பதில் பறவைப் படம். 'மண்வாசனை ராக்' என்று ஆரம்பித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரி: 'ஆனால் இது ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒன்பது வாடகைக்காரர்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை.' கடைசியில், 'ஏழாவது பாட்டில் கிடார் ஏனோ மூச்சுத் திணறுகிறது, பின்வாங்குகிறது, மறுபடி ஏறப் பார்க்கிறது. வாசிப்பவருக்குப் பயிற்சி போதவில்லை' என்று முடித்திருந்தார்.

திணற வேண்டும். திணறாவிட்டால் அது ஏழாவது பாட்டே இல்லை. இதையெல்லாம் ஒரு பறவைக்கு எப்படி விளக்குவது?

விமர்சனத்தை சாந்தாமணியிடம் காட்டினேன். முழுக்கப் படித்தாள். "வாடகைக்காரங்கன்னு சொன்னது நல்லா இருக்குது" என்று சிரித்தாள். பிறகு, "நானும் ஒரு நாளைக்கு உக்காந்து மொத்தமா கேக்கோணுங்க. உங்க கிடாரு சத்தம் இருபது வருஷமா காதுல விழுந்துட்டே இருக்கறதுல, எது பாட்டு எது பழகறதுன்னே தெரிய மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மோட்டார் போட மறந்து, ராத்திரி தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 17, திங்கள்

கோபி போகும் 'செல்வநாயகி' பஸ்ஸின் டிரைவர் ரங்கராசு கண்ணாடி ஃபிரேம் மாற்ற வந்தான். கடையில் ஓடிய இரண்டாவது பாட்டைக் கேட்டுவிட்டு, "ண்ணா, இதை என்ற வண்டில போட்டா கெத்தா இருக்கும்" என்றான். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஃபிரேமுக்குக் காசு வாங்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு நடை, ஒவ்வொன்றுக்கும் அறுபது பேர். எந்த விமர்சகருக்கும் அறுபது ஜோடிக் காது கிடையாது.

ஜூன் 20, வியாழன்

மக்களின் கருத்தை நேரில் அறிய 'செல்வநாயகி'யில் ஏறினேன். யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். "சென்னியப்பண்ணா, ஜன்னலோரம் வாங்க" என்று கண்டக்டர் கத்தினார்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா சத்தமாகச் சொன்னார்: "டிரைவரு தம்பி, வண்டில பெல்ட்டு எதோ தேயுது பாருங்க." பின்னால் இருந்த இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ரங்கராசு பாட்டு என்று சொல்லிப் பார்த்தான். நம்பவில்லை. கடைசியில் அரியப்பம்பாளையத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். நானும் இறங்கிப் பார்த்தேன். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது.

ரெக்கே பாட்டுக்கு ஒரு குழந்தை ஆடியது. பம்பை பாட்டுக்கு ஒரு பெண்மணிக்கு லேசாக அருள் வரப் பார்த்தது, கண்டக்டர் அவசரமாக அடுத்த பாட்டுக்கு மாற்றினார். ஏழாவது வந்தபோது பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி, எதற்குக் கோபி போனீர்கள் என்று கேட்டாள். லென்ஸ் வாங்க என்றேன். எங்கே லென்ஸ் என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

ரங்கராசு கடைக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ண்ணா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இன்னைக்கு உங்க ஏழாவது பாட்டுக்கு நூறு பேரு அழுதாங்ண்ணா."

நான் எழுந்தே விட்டேன். விஷயம் இதுதான். வழியில் ஒரு சாவு ஊர்வலம் குறுக்கே வந்திருக்கிறது. சாவு எதிர்ப்பட்டால் பஸ்ஸில் பாட்டை நிறுத்துவதுதானே வழக்கம். ஆனால் அவனுடைய பிளேயருக்குத் திருகு கழன்று மாதக்கணக்காகிறது, குறடால்தான் நிறுத்த வேண்டும். குறடு கண்டக்டர் பையில், கண்டக்டர் பின்படிக்கட்டில். ஊர்வலம் பஸ்ஸைத் தாண்டும் வரை ஏழாவது பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியிருக்கிறது.

"அடிக்கத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன். பாடைக்கு முன்னால போன பெரியம்மா அப்படியே நின்னுட்டாங்க. கொஞ்ச நேரம் கேட்டாங்க. அப்புறம் அழுதாங்க பாருங்க, அதுவரைக்கும் அழுவாதவங்களும் சேந்து அழுதாங்க. செத்தவரோட பையன் பஸ்ல ஏறி என்ற கையப் புடிச்சுட்டு, இது யாரு வாசிச்சதுன்னு கேட்டாரு. உங்க நம்பரைக் குடுத்துட்டேன்."

நூறு பேர். ஒரே நேரத்தில். ஆனால் அந்தப் பாட்டு அழுவதற்காக வாசித்தது இல்லையே! கொஞ்சம் கூர்ந்து கேட்டால் அதில் ஒருத்தி சிரித்துக்கொண்டே போவது கேட்குமே.

ஜூன் 30, ஞாயிறு

இழவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் குழந்தைவேல் வந்தார். சாமியானா, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அவரே. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் கடைக்குள் வந்தார்.

"உங்க பாட்டை ரெண்டு வீட்டுல போட்டேனுங்க. சொத்துத் தகராறுல பத்து வருஷமா பேசாத அண்ணந்தம்பி கட்டிப் புடிச்சுட்டு அழுதாங்க. நீங்க அனுமதி குடுத்தீங்கன்னா எல்லாப் பெரிய காரியத்துக்கும் இதையே வெச்சுக்கறேன். முதல் ஆறும் பின்னால ரெண்டும் வேண்டாமுங்க. அது நமக்கு ஆகாது."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் தொடர்ந்தார்: "நேத்து ஒரு வீட்டுல திருப்பித் திருப்பி ஒம்போது தடவை போடச் சொன்னாங்க."

திருப்பிப் போடச் சொன்னார்கள்! ஆல்பம் வந்து நான்கு வாரத்தில் திருப்பிப் போடு என்று யாரும் சொல்லவில்லை. மைத்துனன் சொல்லவில்லை, பறவை சொல்லவில்லை, வீட்டில் இருப்பவர்களும் சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சாந்தாமணியிடம் இதைச் சொல்லவில்லை. இழவு வீட்டு விஷயத்தை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவருவது?

ஜூலை 8, திங்கள்

புகழ் என்பது இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவர் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்துவிட்டார். காய்கறிச் சந்தையில் யாரோ ஒருவர், "எழவுப் பாட்டுக்காரரு வர்றாரு, வழி விடுங்க" என்றார். வழி விட்டார்கள், அது வசதியாகத்தான் இருந்தது.

ஜெரால்டு போனில் சிரி சிரி என்று சிரித்தான். "கண்டுபிடிக்க வேண்டியவங்க கண்டுபிடிச்சாங்களாடா?" என்று கேட்டான். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

சாந்தாமணி தானாகவே வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு லீவு எடுத்துட்டேன், போடுங்க, மொத்தமும் கேக்கறேன்" என்றாள். முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது பாட்டில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். மாசக் கணக்கு முடித்த அலுப்பு, பாவம். ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். பாட்டை நிறுத்திவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஜூலை 15, திங்கள்

நஞ்சப்பன் பெரியப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாந்தாமணியின் அப்பாவுக்கு அண்ணன், எண்பத்தொரு வயது, நெஞ்சு வலி. சாத்துக்குடியோடு நான் முதலில் உள்ளே நுழைந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மாப்ள, நான் இன்னும் இருக்கறனுங்கோ!"

அடுத்த படுக்கைக்காரர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தார். சாந்தாமணி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பெரியப்பாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: ஐஸ் பெட்டி, அண்ணன் தம்பி, ஒன்பது தடவை, எல்லாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"போடறதுன்னா போட்டுக்குங்க மாப்ள. ஆனா ஊட்டுல இருக்கறவங்க அழுவோணும். சும்மா வந்து காப்பி குடிச்சுட்டுப் போறவனெல்லாம் இருக்கறான்" என்றார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த சாந்தாமணி என் தோளைத் தட்டினாள். பிறகு கேட்டாள்: "ஊரே கேட்டிருக்குது. நான் மட்டும் இன்னும் கேக்கலையாக்கும்?" அதில் கோபம் இருந்ததா வருத்தம் இருந்ததா என்று முதுகுக்குத் தெரியவில்லை. இன்றைக்கே போட்டுக் காட்டவா என்றேன். வேண்டாம் என்றாள். "எழவுப் பாட்டை ஊட்டுல போடக் கூடாதுங்க."

வீட்டு வாசலில் நான் ஸ்டாண்டு போட மறந்து ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டேன். அது விழுந்தது.

ஜூலை 16, செவ்வாய்

ஸ்கூட்டர் கண்ணாடி மாற்றினேன்.

ஜூலை 24, புதன்

நேற்று மாலை நஞ்சப்பன் பெரியப்பா போய்விட்டார். நல்ல மனிதர். பல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவார், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்று காலை எல்லோரும் அங்கே இருந்தோம். குழந்தைவேல் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். ஏழாவது பாட்டு ஆரம்பித்தது.

நான் சாமியானாவுக்கு வெளியே அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள், சாந்தாமணியும். கிடார் ஏறியது, திணறியது, பின்வாங்கியது, மறுபடி ஏறியது. அழுகை கூடியது. தங்கமுத்துகூட அழுதான், பாடுகிறவர் வராமலேயே.

அப்போது சாந்தாமணியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். ஒரு கட்டத்தில் முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

சின்னச் சிரிப்பு இல்லை. இழவு வீட்டில், பெரியப்பாவின் தலைமாட்டில், கெக்கெக்கே என்று. அழுகை மொத்தமும் நின்றுபோனது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கமுத்துவின் மனைவி அவள் கையைப் பிடித்து, துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே பின்வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

நான் நாற்காலிகளுக்குப் பின்னாலேயே நின்றேன். ஊரே அழுதது. ஒருத்தருக்கு என்று வாசித்தேன், அந்த ஒருத்தர் அழாவிட்டாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டார். ஆமாம், அவளுக்காகத்தான் வாசித்தேன். இதை எழுத இனி என்ன வெட்கம்?

மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தோம். உள்ளே போகுமுன் குளிக்க வேண்டுமே, புழக்கடைத் தொட்டியருகே நான் உட்கார்ந்தேன். அவள் ஒரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். அடுத்த குடத்தை மொண்டு கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அது திம்பம் மலைதானுங்க?"

நான் திரும்பவில்லை. தண்ணீர் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது, அதுவும் நல்லதாய்ப் போனது.

"கல்யாணமாகி மொத மாசம், ஆசனூர் விருந்துக்குப் போனமே. உங்க ஓட்டை பைக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் மக்கர் பண்ணுமே, நான் எறங்கி நடந்து முன்னால போயிட்டனே. அதே சத்தம். ஏறும், ங்ஙேன்னு திணறும், பின்னால வரும். எனக்கு அந்தப் புகைக்குள்ள நீங்க ஒத்தக் கால ஊனிட்டு நின்னது அப்படியே கண்ணுல வந்துருச்சு. பெரியப்பாவைப் பாக்கறேன், சிரிப்பு வருது. அடக்க அடக்க வருது. என்னை யாரும் இனி காரியத்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

"உன்னைப் பத்தினதுதான்" என்றேன்.

"என்னைப் பத்தி எங்க இருக்குது?" என்றாள். "பைக்குத்தான் இருக்குது. நீங்க ஏறுனது இருக்குது. மேல போனதும் பாட்டு முடிஞ்சுருது. நான் கடைசி வளைவுல, சுவத்து மேல உக்காந்துட்டு உங்களுக்காகக் காத்துட்டிருந்தேனே, அது எங்க?"

நான் யோசித்தேன். உண்மைதான். நான் அங்கே இல்லாததால் எனக்கு அது தெரியவே இல்லை. மேலே ஏறி வந்ததை மட்டும் வாசித்திருக்கிறேன்.

"எவ்வளவு நேரம் காத்திருந்த?"

"ரொம்ப நேரமுங்க. சத்தமே இல்ல. உங்க பைக்குச் சத்தமும் நின்னு போச்சு. உருண்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன். எறங்கிப் பாக்கலாமா, அங்கயே இருக்கலாமான்னு தெரியல. சிரிச்சதெல்லாம் அதுக்கு முன்னால."

இருபத்திரண்டு வருடம். இதை அவள் சொன்னதே இல்லை.

"அவ்வளவு நேரம் சத்தமில்லாம விட்டா கேக்கறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றேன்.

"போறவங்க போகட்டும்" என்று இரண்டாவது குடத்தை ஊற்றினாள்.

ஜூலை 27, சனி

ஜெரால்டு ஸ்டுடியோவில் ஏழாவதை மறுபடி பதிவு செய்தேன். "நடுவுல இவ்வளவு நேரம் ஒண்ணுமே இல்லையேடா, பைத்தியமா?" என்று கத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் அவன் கை பொத்தானை நோக்கிப் போகும், நான் கையைக் காட்டி நிறுத்துவேன். ஐந்தாவது முறை அவனே கையைக் கட்டிக்கொண்டான்.

குழந்தைவேல் புதியது வேண்டாம் என்றார். நடுவில் சத்தம் நின்றால் ஜனங்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்களாம்.

ஜூலை 28, ஞாயிறு

தோசை முடிந்தது. மிக்ஸியைத் துடைத்து மூடி வைத்தாள். ஏழாவதை மட்டும் தனியாகப் போட்டேன். ஆல்பத்தின் வரிசை எங்கே போய்விடும்?

சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பைக் ஏறியது, திணறியது, பின்வாங்கியது. சிரித்தாள். பிறகு கிடார் நின்றது. தெருவில் ஒருவன் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனான். அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், நான் அந்த அறையிலேயே இல்லாததுபோல. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தப்பாக வாசித்துவிட்டேனோ, அதிக நேரம் விட்டுவிட்டேனோ என்று பயமாக இருந்தது. எழுந்து நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது தூரத்திலிருந்து அந்த ஒற்றைத் தந்தி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"வந்துட்டீங்களா" என்றாள்.

வந்துவிட்டேன் என்றேன்.